கோலார்த் தங்கவயல்: ஒரு சுரங்கப் பட்டணத்தின் வாழ்வும் தாழ்வும்

பட்டணங்கள் தோன்றும் வகை பல. ஆற்றங்கரையைப் பற்றி எழுந்தன சில. திருக்கோயிலைச் சூழ்ந்து வளர்ந்தன சில. கடற்றுறையால் பெருகின சில. இவற்றுள் ஒன்றினும் அடங்காதது சுரங்கப் பட்டணம். நீர்வளமும் நிலவளமும் இல்லாத இடத்தும், நிலத்தின்கீழ்க் கிடக்கும் ஒரு பொருளின் பொருட்டு அது திடீரென எழும். அப்பொருள் அருகியபோது, எழுந்த விரைவினும் மிக்க விரைவாய் வீழும். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாகாணத்துப் போடி என்னும் ஊர் 1870களின் இறுதியில் பொன்னால் ஆயிரக்கணக்கான மக்களைப் பெற்றிருந்து, இன்று குடியற்ற வீடுகளைக் காட்டும் காட்சிசாலையாய் நிற்கின்றது. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் பாலைநிலத்தில் 1908ஆம் ஆண்டு வைரம் கண்டமையால் எழுந்த கோல்மன்ஸ்கோப் என்னும் ஊர், அரை நூற்றாண்டிற்குள் கைவிடப்பட்டு, அதன் மாளிகைகளுள் மணல் முழங்கால் அளவு புகுந்து கிடக்கின்றது.

இவ்வகைப் பட்டணம் ஒன்று நமக்கு மிக அணித்தே உண்டு. கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரண்டன் எல்லைகளுக்கும் அருகே உள்ள கோலார்த் தங்கவயலே அது. நம் மாணவரிற் பலர் 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வாயிலாகவே இவ்வூரின் பெயரை அறிந்திருத்தல் கூடும். அப்படத்திற் கண்ட ஊர் வேறு. யாம் இங்கே கூறப்புகும் ஊர் வேறு. இதன் பொன்னைத் தோண்டியவருட் பெரும்பாலார் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று சென்ற தமிழ்மக்களாதலின், இதன் கதையை அறிதல் நமக்குப் பெரிதும் உரியதாகும்.

அவ்விடத்துப் பொன் உண்டென்பது முன்னோர் அறிந்ததே. அங்கே பழங்காலத்தார் தோண்டிய குழிகள் பல காணப்பட்டன. அவர்கள் நெருப்பிட்டுப் பாறையைச் சுட்டு, நீர் ஊற்றிப் பிளந்து, ஊற்றுநீர் பெருகி இறைக்க இயலாதுபோன ஆழத்தில் வேலையை விட்டொழிந்தனர் போலும். பின்னர், 1802ஆம் ஆண்டு, மைசூர் இராச்சியத்தின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படைத்தலைவர், மண்ணில் பொன் கிடைக்கும் என்ற பேச்சைக் கேட்டுச் சிற்றூரார்க்குப் பரிசு தருவதாகக் கூற, அவர்கள் வண்டிவண்டியாக மண்ணைக் கொணர்ந்து அவர் கண்முன் அரித்துப் பொற்றுகளைக் காட்டினர். அவர் இதனைத் துரைத்தனத்தார்க்கு எழுதியும் பெரும்பயன் விளையவில்லை.

இவ்வாரன் என்பவரைப்பற்றி ஈண்டு ஒரு சொல் கூறாது செல்ல மனம் வரவில்லை. பிறப்பால் பிரெஞ்சுக்காரராகிய இவர் பிற்காலத்துத் தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணிதத்தை ஆராய்ந்து ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர், ஏட்டில் ஒன்றும் எழுதாமல், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்த வகையை அந்நூலிற் குறித்தவர் இவரே. பொன்னைக் கண்ட கண்ணினும் இக்கணியரைக் கண்ட கண்ணே பெரிதென யாம் எண்ணுகின்றோம்.

வாரனுடைய அறிக்கை ஏறத்தாழ எழுபது ஆண்டு உறங்கிக் கிடந்தது. நியூசிலாந்துப் போரில் இருந்து மீண்டு பெங்களூரில் தங்கிய மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு லவெல் என்னும் ஐரிஷ் வீரர் 1871ஆம் ஆண்டளவில் அதனைப் படித்தார். மாட்டு வண்டியில் ஏறி அறுபது மைல் சென்று நிலத்தைப் பார்வையிட்டார். மைசூர்த் துரைத்தனத்தாரிடம் பன்முறை விண்ணப்பித்து, 1875ஆம் ஆண்டு சுரங்கம் தோண்டும் உரிமை பெற்றார். ஆனால் சுரங்கத்துக்கு ஆவல் மட்டும் போதாது, மூலதனம் வேண்டும். அஃது அவரிடம் இல்லாமையால் உரிமை விரைவில் பிறர் கைக்கு மாறியது. பெங்களூரில் ஒரு வீதி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

அக்காலத்தே நீலகிரிக்கு மேற்கே பந்தலூர், தேவாலா என்னும் இடங்களிலும் பொன் உண்டென்ற ஆரவாரம் எழுந்தது. லண்டன் மாநகரில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பதிவாகிப் பங்குகளை விற்றன. காட்டை வெட்டி, பொறிகளை மலைமேல் ஏற்றி, வீடுகளும் கட்டினர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், பாறையில் உள்ள பொன் செலவுக்குக் கட்டாதென்பது வெளிப்பட்டது, கம்பெனிகள் கலைந்தன. அந்நிலங்களில் இன்று தேயிலை விளைகின்றது. தோண்டுமுன்னே பங்கு விற்றோர் பொருள் பெற்றனர் என்பது மட்டும் உறுதி.

கோலாரும் அவ்வழியே போயிருக்க வேண்டியதுதான். 1880ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மைசூர்த் தங்கச் சுரங்கக் கம்பெனியின் பணம் பெரும்பாலும் மண்ணுக்குள் மறைந்துவிட்டது. எஞ்சிய சிறு தொகையையும் பகிர்ந்துகொண்டு விலகுவதா, மேலும் தோண்டிப் பார்ப்பதா என்ற வினா எழுந்தபோது, ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் நிர்வாகத்தார் பின்னதையே வற்புறுத்தினர். அவர்கள் அனுப்பிய பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர் புதிய இடம் தேடி அலையவில்லை. முன்னோர் குழிகள் எங்கெங்கே நெருங்கியிருந்தனவோ அங்கேயே, அவர்கள் விட்ட ஆழத்திற்கும் கீழே இறங்கினார். 1883ஆம் ஆண்டளவில் ‘சாம்பியன்’ எனப் பின்னர்ப் பெயர்பெற்ற பொன்வரி அகப்பட்டது.

பொன்வரி என்பதை விளக்குதல் வேண்டும். கருமையான பழம்பாறையின் ஊடே, வெள்ளைக் கல்லாகிய படிகப்பாறை ஒரு பலகையைச் சாய்த்துச் செருகினாற்போல் நிலத்துள் ஆழ இறங்குகின்றது. அதன் கனம் பல இடங்களில் மூன்று நான்கு அடியே. அப்பலகை முழுதிலும் பொன் ஒரே சீராய் இராது. சில இடங்களில் செறிந்தும் சில இடங்களில் ஒன்றுமின்றியும் இருக்கும். ஆதலின் சுரங்கத்தார் செய்வது, அம்மெல்லிய பலகையைப் பின்தொடர்ந்து மேன்மேலும் கீழிறங்குதலே. எடுத்த கல்லை இரும்பு உலக்கைகள் பொருந்திய பொறிகளால் இடித்து மாவாக்கி, நீருடன் கலந்து பாதரசம் பூசிய தகடுகளின்மேல் ஓடவிட, பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். இம்முறைக்கு அகப்படாத நுண்பொன் பெருமளவில் வீணாயிற்று. ஸ்காட்லாந்தில் 1887ஆம் ஆண்டு கண்டறிந்த சயனைடு முறை கோலாருக்கும் வந்த பின்னர், அதுவும் கரைத்தெடுக்கப்பட்டது. பொன் நீங்கிய சாம்பல் நிற மாவு சுரங்கங்களின் அருகே குவிக்கப்பட்டது. அக்குவியல்களைப்பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இதன்பின் ஊர் வளர்ந்த விரைவு வியப்புக்குரியது. 1891ஆம் ஆண்டு ஏறத்தாழ 7,000 மக்கள் வாழ்ந்த இடத்தில் 1901ஆம் ஆண்டு 38,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பவுரிங்பேட்டை என வழங்கிய இன்றைய பங்காருப்பேட்டையினின்று மாரிக்குப்பத்துக்கு 1894ஆம் ஆண்டு இருப்புப்பாதை போடப்பட்டது. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியில் உண்டாக்கிய மின்சாரம் 90 மைலுக்கு மேல் கம்பி வழியே ஓடிவந்து இச்சுரங்கங்களின் பொறிகளைச் சுழற்றியது. அத்துணைத் தொலைவுக்கு மின்சாரம் செலுத்துதல் அன்று உலகத்தாரே வியந்த செயல். பெங்களூரின் வீதிகளுக்கு மின்விளக்கு வந்ததோ 1905ஆம் ஆண்டில்தான். பாலாற்றில் பேத்தமங்கலத்து ஏரிநீரும் குழாய் வழியே வந்தது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுருக்கம் என்ற பெருஞ் சுரங்கங்கள் அருகருகே அமைந்தன. நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வேலைசெய்தார் தொகை 30,000க்கும் மேற்பட்டது.

ஊர் இரண்டாகவே இருந்தது. தோட்டஞ் சூழ்ந்த பங்களாக்களும், கிளப்பும், கோல்ப் மைதானமும், மருத்துவசாலையும் உள்ள ஒரு பாதி, ‘சிறிய இங்கிலாந்து’ எனப் பெயர்பெற்றது. மற்றப் பாதி, தட்டியும் தகரமும் கொண்டு நெருக்கமாய்க் கட்டிய ‘லைன்’ வீடுகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். சில இடங்களில் ஒரு வேளைக்காரர் உறங்கி எழுந்தபின் மறுவேளைக்காரர் உறங்கும் வழக்கமும் உண்டு. சுரங்கத்துள் இறங்கியோர் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். பஞ்சமும், ஊர்ப்புறத்துச் சாதிக் கொடுமையும், நிலமின்மையும் அவர்களை அங்கே செலுத்தின. கீழே இறங்கினால் உயிருக்கு உறுதியில்லை என்பதை அறிந்தே சென்றனர். எனினும் மாதந்தோறும் கையில் காசு விழும் என்பதும், பண்ணையார் முன் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதும் அவர்களுக்குச் சிறிய பேறல்ல.

இம்மக்கள் உழைத்து உண்டு உறங்கியதோடு நின்றாரல்லர். அயோத்திதாசப் பண்டிதர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை 1907ஆம் ஆண்டு மாரிக்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. அவருடைய ‘தமிழன்’ இதழை இங்குள்ளார் ஆவலுடன் படித்தனர். சாம்பியன் ரீபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தது. தமிழ்த் திருச்சபைகளும் பள்ளிகளும் லைன்களின் நடுவே எழுந்தன. மாநிலத் தலைநகரங்களிற் கூடத் தாழ்த்தப்பட்டோர் கையில் அச்சுப்பொறி அரிதாயிருந்த காலத்தில், சுரங்கக் கூலி பெற்றவர் காசு சேர்த்து நூல் வெளியிட்டமை, அவ்வூர் ஈந்த பொன்னினும் நெடுநாள் நிற்பதாகும் என்பது எம் கருத்து.

இனி ஆழத்தைப்பற்றிக் கூறுவோம். சாம்பியன் ரீப் சுரங்கம் முடிவில் 10,500 அடியளவு, அஃதாவது 3,200 மீட்டர் இறங்கியது. உலகின் மிக ஆழ்ந்த சுரங்கங்களுள் ஒன்றாக அது நெடுநாள் விளங்கிற்று. நிலமட்டத்தில் நின்று காணின் இது வெறும் எண். கீழே இறங்கினார்க்கு அது வெப்பம். அடித்தளத்தில் பாறையின் சூடு 60 பாகை சென்டிகிரேடுக்கும் மிக்கது. வெறுங்கையால் தொடுதல் இயலாது. மேலே பெரும் பொறிகளால் காற்றைக் குளிர்வித்து ஊதினாலன்றி மனிதன் அங்கு வேலைசெய்ய முடியாது. வெப்பத்தினும் அஞ்சத்தக்கது பாறை வெடிப்பு. இரண்டு மைல் கனமுள்ள பாறையின் பாரத்தை, பொன்வரியை எடுத்தபின் எஞ்சிய சுவர்கள் தாங்கவேண்டும். அவற்றின் பொறை எல்லை கடந்தபோது, மருந்து வைக்காமலே பாறை இடியென வெடித்து உள்நோக்கிச் சிதறும். வெற்றிடங்களைக் கருங்கல் அடுக்கி நிரப்பியும் இவ்வெடிப்பு முற்றும் நின்றபாடில்லை. பெருவெடிப்பு நேர்ந்தபோது மேலேயுள்ள வீடுகளில் அடுக்குப்பானைகள் அதிரும். பெண்டிர் சுரங்க வாயிலுக்கு ஓடுவர்.

மெதுவாய்க் கொன்றது மற்றொன்று. படிகப்பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்தூசி மூச்சுப்பையில் தங்கி அதனைக் கல்போல் இறுகச் செய்யும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய் நம் நாட்டில் முதன்முதல் ஆராய்ந்து வெளியிடப்பட்டது இவ்வூரைக் கொண்டே. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்துநால்வர்க்கு அந்நோய் இருந்தது. இவ்வெண்ணை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டுகின்றோம்.

கம்பெனியார் தொழிலாளரைக் கள்வரெனவே நடத்திய செய்தியும் உண்டு. பொன் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டமும் தனிக் காவலும் இருந்தன. 1930ஆம் ஆண்டு ஒவ்வொருவரும் விரல் ரேகை பதிக்கவேண்டும் என்ற கட்டளை பிறந்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வேலையை விட்டு நின்றனர். தலைவரென ஒருவரும் முன்னின்று அழைக்காமலே நிகழ்ந்த வேலைநிறுத்தம் அது. மூன்று வாரமளவு நீடித்தது. 1940களில் சங்கங்கள் உறுதியாய் வேரூன்றின. 1946ஆம் ஆண்டு நவம்பரில் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன.

வீழ்ச்சி எப்போது தொடங்கியது என்பதற்கு ஒரு நாளைச் சுட்டல் அரிது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் கல்லினின்று 40 கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது. முடிவில் கிடைத்ததோ 3 அல்லது 4 கிராம். அச்சிறு பொன்னை எடுக்க இரண்டு மைல் ஆழம் செல்லவேண்டும். கல்லையும் நீரையும் மேலேற்ற வேண்டும். காற்றைக் குளிர்விக்க வேண்டும். அதாவது, பொன் குறையக் குறையச் செலவு ஏறியது. பொன் முற்றும் தீர்ந்துபோனமையால் மூடினார் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, எடுக்கும் செலவு பொன்னின் விலையைக் கடந்தமையே காரணம்.

விலை என்றவிடத்து ஒன்று நினைவுகூரத்தக்கது. மைசூர் அரசு 1956ஆம் ஆண்டு நவம்பரில் இச்சுரங்கங்களைத் தன்வயப்படுத்தியது. 1962ஆம் ஆண்டு டிசம்பரில் அவை இந்திய அரசின் நிதியமைச்சின்கீழ் வந்தன. அந்நாட்களில் இங்கு எடுத்த பொன், கடைவீதியில் விற்ற விலைக்கன்று, அதனினும் மிகக் குறைந்ததாய் உலக நாடுகள் நிலைநிறுத்தியிருந்த விலைக்கே கணக்கிடப்பட்டது. நாட்டின் அந்நியச் செலாவணிக்கு அது உதவிற்று. ஆயினும் சுரங்கத்தின் கணக்கேட்டில் நட்டம் ஏறியது. பின்னாளில் அந்நட்டத்தையே எடுத்துக்காட்டி, ‘இச்சுரங்கம் அரசுக்குச் சுமை’ என்றனர். இவ்வாதத்தில் நடுநிலை இருந்ததாக யாம் கருதவில்லை. 1972ஆம் ஆண்டு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரில் அமைப்பு மாறியது. கல்லில் உள்ள பொன் மாறவில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுத்த பொன் 800 டன் அளவாகும்.

இறைக்கும் பொறிகள் நின்றபின் ஊற்றுநீர் மேலேறியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்க வழிகள் நீருள் மூழ்கின. அவற்றோடு மூழ்கிய அறை ஒன்றையேனும் நம் விஞ்ஞான மாணவர் அறிந்திருத்தல் நன்று. சாம்பியன் ரீபில் 7,600 அடி ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானிய ஒசாகா, ஆங்கிலேய டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி அமைத்த கருவியில், 1965ஆம் ஆண்டு, வானக் காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் புலப்பட்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் நடந்த ஆய்வும் இதுவுமே உலகில் முதன்முதல் அதனைக் கண்டவை. மற்றக் கதிர்களையெல்லாம் இரண்டு கிலோமீட்டர் பாறை தடுத்துவிட, ஒன்றினாலும் தடைபடாத அத்துகள் மட்டும் வந்தடைந்தது. பொன்னுக்காகத் தோண்டிய குழி அறிவுக்கும் பயன்பட்டது. இன்று இரண்டுக்கும் பயன்படவில்லை.

இனி, இவ்வூரைக் ‘கைவிடப்பட்ட பட்டணம்’ என்று கூறுதல் பொருந்துமா? போடியிலும் கோல்மன்ஸ்கோப்பிலும் மக்கள் போய்விட்டனர், வீடுகள் நின்றன. தங்கவயலிலோ வேலை போய்விட்டது, மக்கள் நின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 1,60,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தபின், திரும்பிப் போவதற்கு ஆர்க்காட்டுச் சிற்றூரில் அவர்க்கு என்ன உண்டு? நிலமும் இல்லை; உறவும் தேய்ந்துவிட்டது. தமிழ் பேசும் அவர்கள் தமிழ்நாட்டுக்கு அயலார், கர்நாடகத்திலோ மூலையிலுள்ளார். 1964ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பெமல் என்னும் மண்வாரிப் பொறித் தொழிற்சாலை சிலர்க்கு வேலை தந்தது. ஏனையோர் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, காவலாளியாகவும் கடைச் சிப்பந்தியாகவும் கணிப்பொறி எழுத்தராகவும் உழைத்து, இரவில் மீள்கின்றனர். பாட்டனார் பொன்னெடுக்க இறங்கிய ஊரினின்று பேரர் கூலி தேடி ஏறும் இரயில் அது.

அவர்கள் வாழும் வீடுகளிற் பல கம்பெனி கட்டியவை. வேலை இருந்தவரை வீடு இருந்தது. வேலை நின்றபின் வீடு யாருடையது என்பது பெரும் வழக்காயிற்று. பணி முடிவின்போது சேரவேண்டிய தொகையைப்பற்றியும், சுரங்கத்தை மீண்டும் திறத்தல்பற்றியும் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாதங்கள் நடந்தன.

எஞ்சியது அச்சாம்பல் நிறக் குன்றுகள். ஊரார் அவற்றைச் ‘சயனைடு மலை’ என்பர். பதின்மூன்று குன்றுகளாய், 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட அரைத்த மாவு மரமின்றி நிற்கின்றது. கோடையில் மேல்காற்று வீசும்போது அத்தூசி லைன்களின்மேல் படியும். கொடியில் உலர்த்திய துணியிலும், மூடாத சோற்றிலும் படியும். மழைக்காலத்தில் கரைந்து ஏரியை நாடி ஓடும். புல் வளர்த்தும் மரம் நட்டும் அதனைப் பிணிக்க முயன்ற முயற்சிகள் முற்றும் பலிக்கவில்லை. பழைய முறைகளுக்குத் தப்பிய பொன் அம்மாவில் இன்னும் சிறிது உண்டு. பொன்னின் விலை பன்மடங்கு ஏறியுள்ள இந்நாளில் அச்சிறிதும் கட்டுப்படியாகும் என்ற கணக்கு எழுந்துள்ளது. அக்குன்றுகளை மீண்டும் அரித்துப் பொன்னெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024ஆம் ஆண்டு இசைவளித்தது. அம்மாவைப் பெயர்க்கும்போது எழும் தூசியை எவ்வாறு அடக்குவர், அரித்தபின் எஞ்சுவதை எங்கே கொட்டுவர், அவ்வேலைக்கு லைன்களில் வாழும் இளைஞரை எடுப்பரா என்னும் வினாக்களை ஊரார் வினவுகின்றனர்.